புல்லும் தண்ணீரும் போட்ட பாதை: மேல் முஸ்தாங் குதிரைப் பயணத்தின் பின்னணி

நேபாளத்தின் மேல் முஸ்தாங்குக்குக் குதிரைப் பயணம் நடத்தும் எந்த நிறுவனத்தின் பயணத் திட்டத்தை எடுத்தாலும் ஊர்ப் பெயர்கள் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் வரும்: ஜோம்சோம், காக்பேனி, செலே, சமர், கிலிங், சராங், லோ மந்தாங். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரப் பயணம், மிஞ்சிப்போனால் ஏழு. எங்கே காட்சி அழகாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து யாரும் இந்த வரிசையைப் போடவில்லை. பொதி சுமந்த கோவேறு கழுதை காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் எங்கே போய்ச் சேரும், அங்கே தண்ணீரும் தீவனமும் கிடைக்குமா என்ற கேள்விக்குப் பல தலைமுறைகள் கண்ட விடை அது. கூடாரமும் கேமராவும் வெகு காலம் கழித்து வந்து அந்த விடையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன.

அதனால் இந்தப் பயணத்தைப் புரிந்துகொள்ள மலைகளைவிட விலங்குகளின் பக்கம் இருந்து தொடங்குவது நல்லது.

அன்னபூர்ணாவுக்கும் தவுலகிரிக்கும் இடையே காளி கண்டகி ஆறு அறுத்துச் செல்கிறது. இரண்டும் எண்ணாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள். மழைமேகம் இந்தச் சுவரின் தெற்கு முகத்திலேயே தன் சரக்கையெல்லாம் இறக்கிவிடுகிறது. அன்னபூர்ணாவின் தென்சரிவில் உள்ள லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். அங்கிருந்து பறவை பறக்கும் தூரத்தில் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும், மேல் முஸ்தாங்கின் பழைய தலைநகரான லோ மந்தாங் வறண்டு கிடக்கிறது. செம்மண்ணும் சாம்பல் பாறையும் அடுக்கடுக்காக நிற்க, பனியுருகி வரும் ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டிய இடத்தில் மட்டும் பச்சை தெரியும். அந்தப் பச்சைதான் ஊர். பார்லி, மரக்கோதுமை, பட்டாணி. ஆண்டுக்கு ஒரே போகம். இந்தியாவிலும் நேபாளத்திலும் பல மலைப்பாதைகள் மழையில் நனைந்து கிடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்கூட இங்கே பயணம் போக முடிவது இந்த மழைமறைவால்தான்.

இவ்வளவு வறண்ட நிலத்தில் ஒரு சிற்றரசும் பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் நிறைந்த பெரிய மடாலயங்களும் எப்படி வந்தன? உப்பால் வந்தன. வடதிபெத்தின் ஏரிக்கரைகளில் வாரிய உப்பு யாக்கிலும் செம்மறி ஆட்டின் முதுகிலும் ஏறி எல்லைக்கு வரும். தெற்கிலிருந்து அரிசியும் சோளமும் மேலே ஏறும். யாக் எருது குளிருக்குப் பிறந்தது. மூவாயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கினால் தவித்துப்போகும். கீழ்நாட்டு விலங்குக்கோ மேலே மூச்சு முட்டும். ஆகவே சரக்கு நடுவழியில் முதுகு மாறியாக வேண்டும். அந்த மாற்றம் நடந்த நாடுதான் லோ; மேல் முஸ்தாங்கின் பழைய பெயர் அது. அங்கிருந்து தெற்கே துக்குச்சே என்ற ஊர் வரை குதிரையும் கோவேறு கழுதையும் சுமந்தன. துக்குச்சேயில் தகாலி இன வணிகர்களின் பண்டகசாலைகள் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து சில பத்தாண்டுகள் உப்புச் சுங்கம் வசூலிக்கும் குத்தகையையும் காத்மாண்டு அரசிடமிருந்து அவர்களே எடுத்திருந்தார்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் அமே பால் என்பவர் நிறுவியதாகச் சொல்லப்படும் லோ அரசு, இந்தப் போக்குவரத்தின் மேல் உட்கார்ந்து வாழ்ந்தது.

பொதிவிலங்கு அங்கே செல்வம் மட்டுமல்ல, அந்தஸ்தும்கூட. மதில் சூழ்ந்த லோ மந்தாங்குக்குள் அரசரைத் தவிர வேறு யாரும் குதிரை மேல் அமர்ந்து நுழையக் கூடாது என்பது பழைய வழக்கம் என்பார்கள். 2016 டிசம்பரில் காலமான கடைசி அரசர் ஜிக்மே பால்பர் பிஸ்தாவின் லாயம், நல்ல இனக் குதிரைகளுக்குப் பேர்போனது. நேபாளம் 2008-இல் குடியரசானபோது அவருடைய பட்டம் சட்டப்படி போயிற்று, மரியாதை போகவில்லை. குதிரைக்கு நோவு வந்தால் பார்ப்பதும் ஆம்ச்சி எனப்படும் திபெத்திய மருத்துவர்தான். வசந்தகாலத்தில் குதிரைக்குக் குருதி இறக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. ஆகஸ்ட் பௌர்ணமியையொட்டி முக்திநாத் பக்கத்து ஊர்களில் யார்துங் என்ற குதிரை விழா நடக்கும். ஓடுகிற குதிரையிலிருந்து சரிந்து தரையில் கிடக்கும் துணியைப் பொறுக்குவார்கள். குடித்துவிட்டுப் பொறுக்குவோர் எண்ணிக்கையும் குறைவில்லை.

ஏன் வழிகாட்டி கட்டாயம்

திபெத்தில் சீனாவுக்கு எதிரான கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட 1959-க்குப் பிறகு இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. திபெத் எல்லை இறுகியது. உப்பு வணிகம் சுருங்கியது. மேலே இருந்து வருவதைவிடத் தெற்கிலிருந்து வரும் இந்திய உப்பு மலிவாகவும் சுலபமாகவும் கிடைக்கத் தொடங்கியது. அதே வேளையில், சீனப் படையோடு மோதிய, கிழக்குத் திபெத்தைச் சேர்ந்த காம்பாப் போராளிகள் 1960 முதல் முஸ்தாங்கைத் தளமாக்கிக்கொண்டார்கள். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ பின்னால் நின்றது. வாஷிங்டன் பீக்கிங்கோடு கைகுலுக்க முடிவெடுத்ததும் உதவி வற்றியது. 1974-இல் தலாய் லாமா தம் குரலைப் பதிவு செய்து அனுப்பி ஆயுதத்தைக் கீழே போடச் சொன்னார். நேபாள ராணுவம் மிச்சத்தை முடித்தது. அந்த ஆண்டுகள் முழுக்க வெளிநாட்டவருக்கு மேல் முஸ்தாங் மூடியே கிடந்தது. 1992-இல்தான் கதவு திறந்தது, அதுவும் பாதி.

எல்லைப் பகுதி என்பதால் சிறப்பு அனுமதிச்சீட்டு தேவை. பதிவுபெற்ற நிறுவனம் இல்லாமலும் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமலும் அந்தச் சீட்டு கிடைக்காது. பல ஆண்டுகளாகப் பத்து நாளுக்கு 500 அமெரிக்க டாலர் என்பதுதான் விலையாக இருந்தது. ‘வழிகாட்டியுடன் குதிரைப் பயணம்’ என்று விளம்பரத்தில் வருவதைச் சிலர் சொகுசு என்று நினைக்கிறார்கள். இங்கே அது சட்டம். அந்தப் பணத்தில் பெரும்பங்கு லோ நாட்டுக்கே திரும்பும் என்று தொடக்கத்தில் வாக்குக் கொடுத்தார்கள். வந்தது சொற்பம் என்பது லோ மக்களின் தீராத மனக்குறை. 2010-இல் உள்ளூர் இளைஞர்கள் பயணிகளையே தடுத்து நிறுத்துவோம் என்று எச்சரிக்கும் அளவுக்கு அது முற்றியது. அந்தக் கோபம் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. மதிலைப் பூசவும் வாய்க்காலைத் தூர்வாரவும் வேண்டிய ஊரில் நின்றுகொண்டு, காத்மாண்டுக் கணக்கில் டாலர் ஏறுவதை எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

வழிகாட்டியைப் பற்றி இன்னொன்று. அவர் பெரும்பாலும் காத்மாண்டுவிலோ பொக்ராவிலோ இருந்து வருபவர். ஆங்கிலம் பேசுவார், சீட்டைக் காட்டுவார், கதை சொல்வார். குதிரைக்காரர் உள்ளூர்க்காரர். லோ மொழி பேசுபவர், பயணிகளோடு அதிகம் பேசமாட்டார். ஆனால் நாளை எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த ஓடையை எங்கே கடப்பது, எந்த வீட்டில் இரவு தங்குவது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அவர். வீடு நன்றாக இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. கொல்லையில் வைக்கோல் அடுக்கியிருக்கிறதா என்று பார்ப்பார். மேய்ச்சல் குறைந்த நாட்டில் ஒரு குதிரையின் இரவுத் தீவனம் என்பது, அந்த வீட்டுக்காரர் தன் குளிர்காலச் சேமிப்பிலிருந்து உருவிக் கொடுப்பது. அறுவடை முடிந்த அக்டோபரில் தாளடியில் மேயவிடலாம், விலை இறங்கும். ஏப்ரலில் கேட்டால் முகம் சுருங்கும்.

சேணத்தின் மேல்

லோ குதிரை சிறியது. தோள் உயரம் நாலரை அடியைத் தொட்டால் அது பெரிய குதிரை. நம் ஊரில் மட்டக்குதிரை என்போமே, அந்த உருவம்தான். ஆனால் மார்புக்கூடு அகலம், குளம்பு இறுகல். சேணம் மரச்சட்டத்தாலானது. அதற்குக் கீழே ஒரு கம்பளம், மேலே பூவேலை செய்த இன்னொரு கம்பளம். கால் வைக்கும் அங்கவடியைக் குட்டையாகக் கட்டியிருப்பார்கள். இரண்டாம் நாள் முழங்கால் அதைப் பற்றி நிறையப் பேசும். சமவெளிக் குதிரைக்கு வயிற்றுப் பட்டை போதும். இங்கே மார்பின் குறுக்கே ஒரு வாரும் வாலடியில் ஒரு வாரும் கூடுதல். ஏறும்போது சேணம் பின்னால் சரியாமல் முன்வார் பிடிக்கும்; இறங்கும்போது கழுத்துக்கு ஓடாமல் பின்வார் பிடிக்கும்.

பொதிகுதிரையை ஏற்றுவதைக் காலையில் நின்று பார்க்க வேண்டும். குதிரைக்காரர் இரண்டு மூட்டைகளையும் இரு கைகளில் தூக்கி ஒரு கணம் நிற்பார். தராசு அதுதான். பக்கத்துக்கு முப்பது கிலோ வீதம் மொத்தம் அறுபது கிலோ அளவுக்குக் கட்டலாம். ஆனால் ஒரு பக்கம் மூன்று கிலோ கூடினாலும் சட்டம் சாய்ந்து முதுகெலும்பைத் தேய்க்கும். மாலைக்குள் தோல் உரியும், இரண்டு நாளில் புண்ணாகும். புண் வந்த குதிரைக்கு அந்தப் பருவம் முடிந்தது, அதோடு அந்தக் குடும்பத்தின் வருமானமும். அதனால்தான் பயணி கடைசி நிமிடத்தில் ஓடி வந்து பையைத் திறந்து ஒரு கனமான ஜாக்கெட்டை உருவினால், குதிரைக்காரர் ஒன்றும் சொல்லாமல் முழுப் பொதியையும் அவிழ்த்து மறுபடி கட்டுவார். அந்த மௌனத்தில் நிறைய வசவு இருக்கும்.

திபெத்தியரிடம் ஒரு பழமொழி உண்டு: மேட்டில் ஆளைச் சுமக்காதது குதிரையல்ல, பள்ளத்தில் இறங்கி நடக்காதவன் ஆளல்ல. இங்கே அதுதான் போக்குவரத்து விதி. செலேயிலிருந்து சமர் போகும் பாதை பாறைச் சுவரில் செதுக்கியது போல ஏறும். திரும்பி வரும்போது அதே பாதையில் எல்லாரும் இறங்கி நடப்பார்கள். நாளின் மூன்றில் ஒரு பங்காவது நடைதான். ‘குதிரைப் பயணம்தானே’ என்று புதுச் செருப்போடு வருபவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. எதிரே மணியோசை கேட்டால் மலைப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால் கோவேறு கழுதையின் பொதி இடித்துத் தள்ளிவிடும். அது ஒதுங்காது, தன் சுமையின் அகலமும் அதற்குத் தெரியாது.

கணவாயின் உச்சியில் கற்குவியலும் மந்திரக் கொடிகளும் இருக்கும். குதிரைக்காரர் அதுவரை பேசாதவர், அங்கே வந்ததும் ‘கி கி ஸோ ஸோ லா கியாலோ’ என்று உரக்கக் கூவுவார். தேவர்களுக்கு வெற்றி என்று பொருள். நீங்களும் கூவலாம், மூச்சு இருந்தால்.

மூச்சு என்றதும் சொல்லிவிட வேண்டியது ஒன்று. உயரத்தால் வரும் நோயைக் குதிரை தடுக்காது. சில நேரம் கூட்டிவிடும். லோ மந்தாங் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும். நடப்பவர் களைத்துப்போய்த் தானாகவே மெதுவாகப் போவார், அதற்குள் உடல் பழகும். சேணத்தில் இருப்பவருக்குக் களைப்பு தெரியாது. குதிரையின் நுரையீரலால் ஏறிவிடுவார், தன் ரத்தம் பின்தங்கியிருக்கும். தலைவலி இரவில் வரும். மூவாயிரம் மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் தங்கு என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. குதிரை ஏறுபவருக்கும் அதே விதிதான். முஸ்தாங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. நோய் முற்றினால் கீழே இறக்கு என்பார்கள். லோ மந்தாங்கிலிருந்து தெற்கே போக வேண்டுமானால் வழியில் 4,010 மீட்டர் உயர நியீ கணவாயில் ஏறியாக வேண்டும். இறங்குவதற்கு ஏற வேண்டிய ஊர் அது.

காற்றும் நேரத்தை முடிவு செய்கிறது. காலையில் காளி கண்டகிப் பள்ளத்தாக்கு அசையாமல் கிடக்கும். வெயில் ஏற ஏற மேலே உள்ள வறண்ட பீடபூமி சூடாகி, தெற்கேயுள்ள காற்றை அந்த ஒடுங்கிய பள்ளம் வழியாக உறிஞ்சும். முற்பகல் பத்து, பதினொரு மணிக்கே மணலோடு அடிக்கத் தொடங்கிச் சாயங்காலம்வரை ஓயாது. ஜோம்சோம் விமானங்கள் காலையிலேயே வந்து திரும்பிவிடுவதற்கு இதுதான் காரணம். வடக்கே போகும்போது காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அறையும். விடியுமுன் பொதி கட்டும் குதிரைக்காரரைப் பார்த்து இத்தனை அவசரம் எதற்கு என்று கேட்பவர், திரும்பும் வழியில் ஒரு பிற்பகலில் பதிலைத் தெரிந்துகொள்வார்.

சாலை வந்தபின்

சீன எல்லையிலுள்ள கோரா கணவாயிலிருந்து லோ மந்தாங்குக்கு 2001 வாக்கில் மண்சாலை வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தெற்கே ஜோம்சோமிலிருந்தும் சாலை வந்து அதோடு சேர்ந்தது. ஆறு நாள் வழி, ஜீப்பில் ஒரு நீண்ட பகலாகச் சுருங்கிவிட்டது. இப்போது இந்தியப் பதிவெண்ணோடு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போகின்றன. அரிசியும் எரிவாயு உருளையும் சிமெண்டும் லாரியில் வருகின்றன. பிள்ளைத்தாய்ச்சியைக் குதிரையில் வைத்துக் கணவாய் கடத்த வேண்டியதில்லை. சாலை வந்ததால் ‘பழைய முஸ்தாங் போயிற்று’ என்று புலம்பும் பயணக் கட்டுரைகள் ஏராளம். எழுதியவர்கள் யாரும் அங்கே குளிர்காலம் கழித்தவர்கள் அல்ல. ஊர்க்காரர்களே குளிர்காலத்தில் பாதிப் பேர் இருப்பதில்லை. அறுவடை முடிந்ததும் தெற்கே இறங்கி, பலர் இந்திய நகரங்களில் ஸ்வெட்டர் விற்று, பனி உருகும்போது திரும்புகிறார்கள். அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணந்து, ஒருவர் வயலிலும் ஒருவர் மந்தையோடும் ஒருவர் பொதிவிலங்கோடும் என்று பிரித்துக்கொண்ட பழைய ஏற்பாடும் குறைந்துவிட்டது. பொதிவிலங்கோடு போன தம்பி இப்போது ஜீப் ஓட்டுகிறார், அல்லது வெளிநாடு போய்விட்டார்.

குதிரைப் பயணம் இதனால் நின்றுவிடவில்லை. கிழக்கே நகர்ந்தது. சாலை ஆற்றின் மேற்கே போவதால், பயண நிறுவனங்கள் போகும்போது பழைய வழியில் போய், திரும்பும்போது கிழக்குக் கரை வழியாக வருகின்றன: யாரா, லூரி குகை மடாலயம், தாங்கே, பிறகு சூசாங். நம்மவர்களுக்கு இந்தக் கிழக்குப் பக்கத்தோடு பழைய தொடர்பு உண்டு. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று முக்திநாத்துக்குப் போய்வரும் வைணவ அடியார்களில் சிலர் அதோடு நிற்காமல், சாளக்கிராமக் கற்களின் பிறப்பிடம் என்று கருதப்படும் தாமோதர குண்டத்துக்கும் போகிறார்கள். அது ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரத்தில், ஊரே இல்லாத கிழக்கு மூலையில் இருக்கிறது. குதிரையில் பல நாள், இல்லையென்றால் ஹெலிகாப்டர். அந்தக் கற்களில் தெரியும் சக்கரம், இமயம் எழுவதற்கு முன் அங்கே இருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரியின் ஓட்டுச் சுருள். கருப்புக் களிப்பாறையில் பொதிந்து, ஆறு உடைத்துக் கொண்டுவந்து தருகிறது.

ஆனால் பயணிகள் நகர்ந்திருக்கும் அந்தக் கிழக்குக் கரையிலிருந்துதான் மக்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். தே என்ற ஊரில் வாய்க்காலுக்கு நீர் போதாமல் வயல்கள் தரிசாகின; ஊரையே ஆற்றங்கரைக்கு மாற்றும் வேலை நடந்தது. வடக்கே சம்ஜோங் ஊரார் இதே காரணத்தால், அரசர் கொடுத்த நிலத்தில் வேறிடத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். யாராவிலும் இதே கவலை. பனி குறைந்து ஓடை மெலிகிறது. பெய்தால் ஒரேயடியாகப் பெய்கிறது. 2023 ஆகஸ்டில் காக்பேனியில் திடீர் வெள்ளம் வந்து சேறும் பாறையும் வீடுகளையும் பாலங்களையும் அடித்துச் சென்றதை முக்திநாத் போனவர்கள் செய்தியில் பார்த்திருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் குறைவது தீவனம். வாய்க்கால் நீரில் முதல் பங்கு பார்லிக்கு, மிச்சம் இருந்தால்தான் புல்லுக்கு.

இதன் விளைவை இந்தப் பக்கத்தில் விலை பேசும்போதே பார்க்கலாம். தாங்கேயிலிருந்து சூசாங் போகும் நாள் மிக நீளமானது. நாலாயிரம் மீட்டருக்கு மேலான முகட்டில் போகும் வழியில் நடுவே ஊர் இல்லை, தண்ணீர் மிக அரிது. குதிரைக்காரர் பார்லியையும் பட்டாணியையும் மூட்டை கட்டித் தனியாக ஒரு விலங்கின் மேல் ஏற்றிக்கொள்வார். குதிரைக்கான தீவனத்தைச் சுமக்க இன்னொரு குதிரை, அதற்கும் தீவனம். பயணிக்கு இரண்டு குதிரை போதுமே என்று கணக்குப் போட்டவர் மூன்றாவதற்குக் காசு எதற்கு என்று கேட்பது இங்கேதான். அதோடு, ஜோம்சோமில் பயணி விமானம் ஏறியபின் குதிரைகள் காலி முதுகோடு வீடு திரும்ப நான்கைந்து நாளாகும். அந்த நாட்களின் கூலியும் வாடகையில் சேர்ந்திருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பயணத்தில் பெரும்பாலும் விடுபடுவது அந்தத் திரும்பும் நாட்கள்தான். பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் அதைக் கேட்டுப் பாருங்கள். நேராகப் பதில் வந்தால் மற்றதைப் பேசலாம்.